ஜன்னல் படம் காட்டிய வீடு

அத்தியாயம் ஏழு

மணி பதினொன்று. சாயங்காலம் ஐந்துக்குள் ஒரு காகத்தைப் பிடித்தாக வேண்டும்.

"பிடிச்சிடலாம் அண்ணி. கறுப்பா இருக்கும், கத்தும். இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?" என்றான் கொழுந்தன்.

அண்ணி காதில் வாங்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் பொய்க் கோரிக்கைகளைக் கிண்டிக் கிளறியவள் அவள். எரியாத கடை எரிந்ததாகவும், இருக்கிற கை இல்லை என்றும் சாதித்தவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் இருந்த மரியாதை தேய்ந்துபோனபிறகு வேலையை உதறிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை எடுத்துத் துப்பறியும் பலகை மாட்டினாள். உதவிக்குக் கணவனின் தம்பி. பதினாலு வருடம் டாக்ஸி ஓட்டி முதுகு கெட்டவன், வாய் மட்டும் கெடவில்லை. வந்தவர்கள் முன்னால் எல்லாம் அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், எழுபது வயதுக் கிழவர்கள்கூட இப்போது அவளை அண்ணி என்றே கூப்பிடுகிறார்கள்.

எதிரே நாற்காலியின் நுனியில் மீட்டர்காரர் உட்கார்ந்திருந்தார். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போயும் மீட்டர் பெட்டிக்கு அப்பால் யாரும் உள்ளே கூப்பிடாததால், எங்கேயும் நன்றாகச் சாய்ந்து உட்கார அவருக்கு வரவில்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"வேலை முடிஞ்சப்புறம் பொழுது போகல. அலமாரில ஒரு கேமரா கிடந்தது. எடுத்தேன். என்னை மாதிரி பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கறவங்க ஊர்ல இருப்பாங்கல்ல, அவங்களுக்குன்னு ஆன்லைன்ல ஒரு குழு ஆரம்பிச்சேன். தெருக்கண்னு பேரு. முதல் ரெண்டு மாசம் நானும் பல் டாக்டரும் மட்டும்தான். நான் படம் போடுவேன், அவர் நல்லாருக்கும்பார். அவர் போடுவார், நான் நல்லாருக்கும்பேன்."

"பல்லைக் காட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றான் கொழுந்தன்.

மீட்டர்காரர் சிரிக்கவில்லை. "அப்பதான் மழைக்காகம் வந்தாரு. எங்க குழுவுல என்னையும் டாக்டரையும் தவிர எல்லாருக்கும் புனைபெயர்தான், கூச்சப்படாமப் போடட்டும்னு. அவர் வந்து ஒவ்வொரு படத்துக்கும் அடியில பொறுமையா எழுதினாரு. சார், ரெண்டடி தள்ளி நின்னிருந்தா அந்தக் கம்பம் தலையில முளைக்காது. சார், வெயில் சாயட்டும், அப்புறம் எடுங்க. நான் படம் எடுக்கக் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். அவர் எழுதறதைப் படிக்கத்தான் ஆளே சேர்ந்தாங்க. இப்ப நானூறு பேரு."

"அவர்தான் இப்ப உங்களைக் கவுக்கறார்" என்றாள் அண்ணி.

"ஆமா." அவர் போனைத் தடவி ஒரு படத்தை நீட்டினார்.

குழுவின் முகப்புப் படம். மழை பெய்து ஓய்ந்த தெரு. குடை பிடித்த ஓர் ஆள் முதுகைக் காட்டி நடந்து போகிறார். இறங்கிய இடது தோளில் குறுக்கே ஒரு பை. குடையின் ஒரு கம்பி துணியை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஈரத் தரையில் அவர் நிழல் அவருக்கு முன்னால் நீண்டு கிடக்கிறது. அண்ணிக்குப் படக்கலை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த முதுகைப் பார்த்தபோது, போகிறவரைக் கூப்பிட நினைத்துக் கூப்பிடாமல் நின்ற ஒருவர் எடுத்த படம் இது என்று தோன்றியது.

"போன ஞாயித்துக்கிழமை இதுக்கு அடியில ஒரே ஒரு வரி போட்டாரு" என்றார் மீட்டர்காரர்.

அண்ணி படித்தாள். 'இந்தப் படத்தில் நடந்து போகிறவர் யார் என்று எடுத்தவரைக் கேளுங்கள்.'

கீழே மீட்டர்காரரின் பதில் இருந்தது: 'யாரோ வழிப்போக்கர்.'

அதற்குக் கீழே காகம்: 'அப்படியா சார்?'

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் நானூறு பேரும் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருந்தார்கள். படம் திருட்டுப் படம் என்று ஒரு கட்சி. மூத்தவரை அவமானப்படுத்தாதே என்று இன்னொரு கட்சி.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு நூலக மாடியில எங்க முதல் கண்காட்சி" என்றார் அவர். "இந்தப் படம்தான் நடு நாயகம். பெருசா பிரேம் போட்டு வச்சிருக்கேன், கீழே என் பேரோட. காகம் யாரு, ஏன் இப்படிச் சொன்னாருன்னு அஞ்சுக்குள்ள தெரியலன்னா படத்தை மாட்ட வேண்டாம்கறார் பல் டாக்டர். முப்பது வருஷம் நான் போன வீட்டுல எல்லாம் மீட்டர்காரர் வந்திருக்கார்னுதான் உள்ள குரல் கொடுப்பாங்க. எனக்கு ஒரு பேர் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. இப்பதான் நாலு பேர் என் பேரைச் சொல்றாங்க. அதுல மண்ணைப் போடறான்."

அவர் நாற்காலியின் நுனிக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"படம் நீங்க எடுத்ததுதானே?" என்று கேட்டாள் அண்ணி.

"என் கேமரா" என்றார் அவர்.

அண்ணி தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ஆமா, இல்லை என்று முடிய வேண்டிய கேள்விக்கு ஒருவர் வேறு எதையோ பதிலாகச் சொன்னால் என்ன பொருள் என்பதைப் பத்தொன்பது வருடம் படித்தவள் அவள். இப்போதைக்கு அதை மடித்து ஒரு மூலையில் வைத்தாள்.

"காகத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா ஊர்க்காரர்தான். எங்க குழுவுல சேரணும்னா முதல்ல உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து ஒரு படம் எடுத்துப் போடணும். வெளியூர்க்காரங்க வந்து குட்டையைக் குழப்பக் கூடாதுல்ல. ஒவ்வொரு ஜன்னலையும் நானே பார்த்துத்தான் உள்ள விடுவேன். அந்த விதி போட்டது நான்தான்."

காகத்தின் ஜன்னல் படத்தைக் காட்டினார். துருப்பிடித்த கம்பி. கீழே ஒரு தகரக் கூரையின் மூலை, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய சைக்கிள் டயர். அதை ஒட்டி ஒரு சந்து. தூரத்தில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு புதுக் கட்டடம், ஒரு பெரிய விளம்பரப் பலகையின் பின்பக்கம், அதற்கும் பின்னால் தூண்கள் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி.

படத்துக்கு அடியில் அன்றைக்கு மீட்டர்காரர் எழுதியிருந்தார்: 'அருமையான ஜன்னல். கொடுத்து வைத்தவர் நீங்கள். எந்தப் பக்கம்?'

காகத்தின் பதில்: 'பக்கத்துலதான் சார்.'

"இது எந்த இடம்னு உங்களுக்கே தெரியலையா? ஊர்ல ஏறி இறங்காத வீடு கிடையாதே நீங்க."

"எல்லாம் கீழே இருந்து பார்த்தது" என்றார் அவர். "மாடியில யாரு விட்டா."

*

கீழே ஜெராக்ஸ் கடையில் இரண்டு படத்தையும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தொட்டியும் பலகையும் இருக்கும் இடம் டாக்ஸி ஓட்டியவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெரிய சாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே.

"பலகையோட முதுகு தெரியற வீடுன்னா இந்தச் சாலைக்குப் பின்னால இருக்கற எல்லா வீடும்தான்" என்றான் கொழுந்தன். "ஐந்நூறு வீடு இருக்கும். கதவைத் தட்டி, ஐயா நீங்க காகமான்னு கேட்டா உதைப்பாங்க."

"இந்தப் படத்துல என்ன இல்லன்னு பாரு."

அவன் பார்த்தான். "ஆள் இல்ல. நாய் இல்ல. நமக்கு மத்தியானச் சாப்பாடு இல்ல."

"தொட்டிக்கு ஏணி இல்ல."

நிமிர்ந்து பார்த்தான். எதிரே நிஜத் தொட்டியில் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று ஓர் இரும்பு ஏணி இருந்தது. கையில் இருந்த படத்தில் ஏணியைக் காணோம்.

"கழட்டி வச்சிட்டாங்களோ?"

"பலகையோட இடது கால் மறைக்குது. ஒல்லியான ஏணி, ஒல்லியான கால். ரெண்டும் கச்சிதமா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்தாத்தான் இப்படி மறையும். ஊர்ல எங்க நின்னாலும் வராது, ஒரே ஒரு கோட்டுல நின்னாத்தான் வரும். ஏணி மறையற வரைக்கும் நகரு. மறைஞ்சதும் அதை விடாம அப்படியே பின்னால நட."

அடுத்த முக்கால் மணி நேரம், நாற்பத்தாறு வயது ஆள் ஒருவன் பட்டப்பகலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் பின்னோக்கி நடப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. ஒரு ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டான். ஒரு தையல்காரரின் வாசலில் ஏறி, மன்னிப்புக் கேட்டு இறங்கினான். குறுக்கே வீடு வந்தால் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், மறுபடியும் ஏணியைத் தேடி மறைத்துக்கொண்டு நடந்தான்.

"என் வாழ்க்கை பின்னாலதான் போகுதுன்னு அடிக்கடி நினைப்பேன் அண்ணி" என்றான். "இன்னிக்கு நிஜமாவே போகுது."

"பேசாம நட. குழி இருக்கு."

நான்காவது சந்தில் அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு மாடி வீட்டின் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கூரையின் விளிம்பில் ஒரு சைக்கிள் டயர் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு ஜன்னல். துருப்பிடித்த கம்பி.

"கூட்டைப் பிடிச்சாச்சு" என்றான் கொழுந்தன். வாசல் பக்கம் போய்க் கதவிலக்கத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றான். சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். "அண்ணி, இந்த விலாசத்தை நான் இன்னிக்குக் காலைலதான் என் கையால எழுதினேன்."

அது காலையில் மீட்டர்காரர் சொல்லச் சொல்ல அவன் நிரப்பி, வெளியே பேச மாட்டோம் என்று அண்ணி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல்; விலாசம் மீட்டர்காரருடையது.

"நம்ம ஆளே காகமா?" என்றான். "தன்னைத்தானே பாராட்டிக்கிட்டு, தன்னைத்தானே திட்டிக்கிட்டு, அதைக் கண்டுபிடிக்க நமக்குப் பணமும் கட்டறாரா?"

"அவ்வளவு கெட்டிக்காரரா இருந்தா நாற்காலியில ஒழுங்கா உட்கார்ந்திருப்பார். மணியை அடி."

*

கதவைத் திறந்தது மீட்டர்காரரின் மனைவி. கையில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றை மேசையில் வைத்துவிட்டு மற்றொன்றை மாடிப்படியின் மூன்றாம் படியில் வைத்து, மேலே பார்த்து, "வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மேசையில் வைத்த தட்டுக்குக் கணவரைப் பார்த்துக் குரல்கூடக் கொடுக்கவில்லை.

மீட்டர்காரர் புறப்படத் தயாராக இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. குறுக்கே மாட்டிய பழைய பை. சுவரில் சாய்ந்தபடி, துணி சுற்றிய பெரிய பிரேம். வானம் மூடியிருந்ததால் கையில் குடையும் எடுத்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"மாடி அறையை ஒரு தடவை பார்க்கணும்."

அவர் முகம் மாறியது. "அது மகன் ரூம். நான் அங்க போறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும். பேச்சு வார்த்தை இல்ல. படம் எடுக்கறதுதான் வேலைன்னு உட்கார்ந்தான். சோறு போடுமாடான்னு கேட்டேன், எதிர்த்துப் பேசினான், கேமராவைப் பிடுங்கி அலமாரில வச்சுப் பூட்டினேன். அப்புறம் ஒழுங்கா ஒரு கம்பெனியில அட்டைப்பெட்டி ஒட்டப் போறான். என்ன வேணும்னாலும் அவன் அம்மா மூலமாத்தான்." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "எதுக்கு அவனை இழுக்கறீங்க?"

"மேல வாங்க. நீங்க முன்னால போங்க."

காலையில் இருந்து அண்ணி அவரை முன்பக்கத்தில்தான் பார்த்திருந்தாள். இப்போது அவர் படியேறியபோது முதல் தடவையாக முதுகைப் பார்த்தாள். முப்பது வருடம் பை தொங்கி இடது தோள் இறங்கிப்போயிருந்தது. கையில் தொங்கிய குடையில் ஒரு கம்பி துணியை விட்டுத் துருத்திக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த அச்சுப் படத்தைப் பிரித்து அந்த முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பின்னால் வந்த கொழுந்தன் அதையும் இதையும் பார்த்துவிட்டு, சொல்ல வந்த நகைச்சுவையை விழுங்கினான்.

அறையில் மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயது இருக்கும். விரல் நுனிகளில் காய்ந்த பசை. சுவரில் ஒரு படம்கூட இல்லை. வந்தவர்களைப் பார்த்து அவன் எழுந்திருக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

மீட்டர்காரர் வாசற்படியில் நின்று ஜன்னலைப் பார்த்தார். மஞ்சள் கட்டடம், பலகை, தொட்டி. கீழே, என்றைக்கோ அவரே கூரைமேல் எறிந்த டயர்.

"இந்தக் கட்டடம் எப்ப வந்தது?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"தம்பி" என்றாள் அண்ணி. "மழைக்காகம் நீதானே?"

"ஆமா." அவன் அவளைப் பார்த்தே பேசினான். "அவர் குழு ஆரம்பிச்சது அம்மா சொல்லித் தெரியும். ஜன்னல் படம் கேட்டாரு. போட்டேன். சொந்த வீட்டு ஜன்னல், நிச்சயம் கண்டுபிடிச்சு மேல ஏறி வருவாருன்னு நினைச்சேன். திட்டறதுக்காவது வருவாருன்னு ராத்திரி வரைக்கும் கதவைத் திறந்தே வச்சிருந்தேன். எந்தப் பக்கம்னு கேட்டாரு."

"அப்புறமும் ஏன் குழுவுல இருந்தே?"

"அப்பான்னு கூப்பிட்டப்ப ஒரு நாளும் காது கொடுத்ததில்ல. சார்னு எழுதினேன், உடனே பதில் வந்தது. ஒன்றரை வருஷம் தினம் பேசினோம். எனக்கு அது போதும்னு இருந்தேன். ஆனா அந்தப் படத்துக்குக் கீழ அவர் பேரைப் போட்டுக் கண்காட்சின்னதும் தாங்கல. அன்னிக்கு மழையில குடை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனாரு. பின்னாலயே போய் எடுத்தேன். காட்டலாம்னு வச்சிருந்தேன். அந்த வாரம்தான் கேமரா போச்சு, உள்ள இருந்த படமும் போச்சு."

அண்ணி மீட்டர்காரரிடம் திரும்பினாள். "வழிப்போக்கர் யாருன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும். இல்லையா?"

"தெரியும்" என்றார் அவர். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. "என் காசுல வாங்கின கேமரா. என் வீடு. இவன் என் பிள்ளை. படத்துல இருக்கறதும் நான். அப்புறம் படம் மட்டும் வேற யாரோடதாம்? பெத்தவன் பேரை நானூறு பேர் முன்னால கெடுக்கணும்னு எத்தனை நாளா திட்டம் போட்டான், கேளுங்க."

மகன் போனை எடுத்துத் தட்டினான். மீட்டர்காரரின் சட்டைப் பை டிங் என்றது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தோளுக்கு மேல் அண்ணியும் படித்தாள். 'வழிப்போக்கர் இல்லை என்று மட்டும் குழுவில் எழுதுங்கள் சார். என் பெயர் வேண்டாம்.'

மகன் கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுதினால் போதும், படத்தைக்கூட மாட்டிக்கொள்ளலாம். அண்ணிக்கு நம்பிக்கை பிறந்தது. தன் தொழிலில் அவள் அபூர்வமாகவே செய்கிற தப்பு அது.

மீட்டர்காரர் ஒற்றை விரலால் தடவித் தடவி எதையோ அழுத்தினார். இந்தத் தடவை மகனின் போன் டிங் என்றது. அவன் பார்த்துவிட்டு அதை அண்ணியிடம் நீட்டினான். 'தெருக்கண் குழுவிலிருந்து மழைக்காகம் நீக்கப்பட்டார்.'

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, ஏதோ பொறாமைக்காரப் பையன், நீக்கியாச்சுன்னு பல் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றார் மீட்டர்காரர். "உங்க வேலை முடிஞ்சது. வெளிய பேச மாட்டீங்கன்னு காலைல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

போட்டுத்தான் கொடுத்திருந்தாள். அந்தக் கையெழுத்தை நினைத்து அவளுக்குக் கை கூசியது.

"ஒண்ணு மட்டும் கேட்கறேன்" என்றாள். "இனிமே உங்க படத்துல என்ன தப்புன்னு யாரு சொல்லித் தருவா?"

அவர் படியில் இரண்டு அடி இறங்கியிருந்தார். நின்றார். திரும்பவில்லை. பிறகு இறங்கிப் போனார். கீழே அவர் மனைவி ஏதோ கேட்பதும், அவர் கதவைத் திறப்பதும் கேட்டது. மூன்றாம் படியில் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

மூன்று பேரும் ஜன்னலில் நின்றார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் பிரேமுமாக மீட்டர்காரர் பெரிய சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காற்றில் பிரேமின் துணி ஒரு பக்கம் விலகி, உள்ளே அதே குடையும் அதே இறங்கிய தோளும் தெரிந்தன. மேகம் எங்கோ ஓரிடத்தில் விலகி ஈரத் தரையில் வெளிச்சம் விழுந்தது. அவர் நிழல் அவருக்கு முன்னால் நீண்டது.

மகனின் கை தானாகப் போனைத் தூக்கியது. முழங்கையைக் கம்பியில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, அவர் சந்தின் வளைவுக்கு வரும்வரை காத்திருந்தான். வந்தார். அவன் அழுத்தவில்லை.

"எடுப்பா" என்றான் கொழுந்தன் மெதுவாக. "போயிடுவார்."

பையன் போனைக் கீழே இறக்கினான்.

"எடுத்து எங்க போடுறது?" என்றான். "சார்தான் நீக்கிட்டாரே."